இரண்டு சாவியும் சாரிடம்

மே 3, ஞாயிறு. கோவையிலிருந்து ஆனைமலை

வண்டியை ஒப்படைக்கும் முன் கம்பெனி விதிகளைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். படித்தேன். "சாவிகள் இரண்டு. ஒன்று வாடிக்கையாளரிடம், மற்றது எந்நேரமும் ஓட்டுநரிடம்." ஹர்ஷவர்தன் சார் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் கையை நீட்டினார்.

"அதையும் குடுத்துடுங்க. நத்திங் பர்சனல். எங்க திங்ஸ் எல்லாம் உள்ள இருக்கு, இல்லையா?"

என் துணிப்பையும் உள்ளேதான் இருக்கிறது. அது திங்ஸில் சேராது போலிருக்கிறது.

கம்பெனி மேலாளர் சென்னியப்பன் அண்ணனுக்குப் போன் செய்தேன். "குடுத்துரு அம்மிணி. பெரிய எடம். உன்ற மூணு மாசம் இந்த ட்ரிப்போட முடியுது. கம்ப்ளெய்ன்ட் இல்லாம வந்தீன்னா நிரந்தரம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்." கொடுத்தேன்.

சாவி என்று சொல்வது வழக்கத்துக்காக. கறுப்புச் சோப்புக்கட்டி மாதிரி ஒன்று. பல் கிடையாது, ஓட்டையில் விட்டுத் திருப்புவது கிடையாது. அதைப் பையில் வைத்திருப்பவர் கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கும். அவர் நாலு எட்டு தள்ளிப் போனால் தானே பூட்டிக்கொள்ளும். வண்டி ஆளைப் பார்ப்பதில்லை, சாவி யார் பையில் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. ஏதோ வெளிநாட்டில் செய்தது என்கிறார்கள். நம் ஊர்க்காரன் எவனோ யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஷவர், கழிப்பறை. சம்யுக்தா மேடம் கிளம்பும்போதே வீடியோ எடுக்க ஆரம்பித்துவிட்டார். "லேடி டிரைவர்தான் வேணும்னு கேட்டு வாங்கினோம். மீட் கோகி!" என் பெயர் கோகிலவாணி. வயது இருபத்தைந்து. கனரக லைசென்ஸ் வைத்திருக்கிறேன். கோகி என்பது நாய்க்குட்டிக்கு வைக்கிற பெயர்.

கேமராவை அணைத்ததும் மேடம் தோளில் கை வைத்து மென்மையாகச் சொன்னார். "டாய்லெட் மட்டும் வேண்டாம், என்ன? சின்ன டேங்க். எங்க ரெண்டு பேருக்கே பத்தாது. நீங்க வழியில எங்கயாவது மேனேஜ் பண்ணிக்குங்க."

அந்தக் கழிப்பறைக்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை அதை உருவியெடுத்துக் கொட்டிக் கழுவி வைக்க வேண்டும். அது ஓட்டுநர் வேலை. அதை மேடம் சொல்லத் தேவைப்படவில்லை.

மேனேஜ் செய்கிறேன்.

மே 4, திங்கள். ஆனைமலை, தென்னந்தோப்பு

காலையில் வண்டி செத்துக் கிடந்தது.

சார் இரண்டு சாவியையும் கதவை ஒட்டி ஒரு மரக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தூங்கியிருக்கிறார். அப்படி வைத்தால் வண்டி தூங்காது. இரவு முழுக்க "இருக்கியா" என்று கேட்கும், சாவி "இருக்கேன்" என்னும். விடிவதற்குள் பேட்டரி காலி. இதை ஒப்படைக்கும்போதே சொன்னேன். அப்போது அவர் காதில் ஏதோ மாட்டியிருந்தார்.

தோப்புக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பிவிட்டார். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங் அம்மிணி, இத்தாப் பெரிய வண்டியில சாவி போடறதுக்கு ஒரு ஓட்டை வெக்க எடமில்லாம போயிருச்சா?"

"ஓட்டை இருந்தா ஏழைங்க வண்டிங்க."

அவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

"சார், சாவியத் தள்ளி வைங்க. இல்லைன்னா இறுக்கமா மூடி இருக்கற எவர்சில்வர் டப்பாவுல போட்டு வைங்க. டப்பாவுக்குள்ள போனா வண்டிக்குக் கேக்காது, அது பாட்டுக்குத் தூங்கும்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பத்து மணிக்கு அவர் போனில் எதையோ படித்துவிட்டு வந்தார். இந்தச் சாவியின் சிக்னலைக் காற்றிலேயே பிடித்துத் திருடுகிறார்களாம். டப்பாதான் ஒரே பாதுகாப்பாம். எனக்கே வகுப்பெடுத்தார். கடைசியில், "நீங்க ஐடிஐ தானே படிச்சீங்க?"

"ஆமா சார். டீசல் மெக்கானிக்."

இரண்டு சாவியையும் போட்டிருந்த முறுக்கு டப்பாவின் மூடியை இன்னொரு தரம் அழுத்தினார்.

மே 5, செவ்வாய்

இருவரும் ஆற்றில் குளிக்கப் போனார்கள். இரண்டு சாவியோடும். என் சாப்பாடும் தண்ணீரும் உள்ளே. மூன்று மணி நேரம் ஜன்னல் வழியாக என் டிபன் கேரியரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்த சார், வண்டிக்குள் ஏறும் முன் ஒரு தென்னை மரத்தடியில் நின்று வேலையை முடித்தார். கழிப்பறைக்கு ஆறடி தூரத்தில். அந்த டேங்கை மிச்சம் பிடிக்கிறாரோ என்னவோ.

தோப்பு வீட்டில் கழிப்பறை இருக்கிறது. கதவு இல்லை. மகன் துபாயிலிருந்து வந்ததும் போடுவார்களாம். நான் ஐந்து மணிக்கு முன் எழுந்துவிடுகிறேன். இருட்டில் போய்வந்தால் அன்றைக்கு அதோடு சரி. ஒரு நாளைக்கு அரை பாட்டில் தண்ணீர் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறேன். டாக்டர்கள் சும்மா சொல்கிறார்கள்.

பெட்டியைக் கொட்டிக் கழுவினேன்.

மே 6, புதன். வால்பாறை

நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். சார் ஒவ்வொன்றையும் எண்ணினார். இருபத்தேழைத் தவறவிட்டுவிட்டு, எந்த வளைவு எந்த வளைவு என்று என்னிடம் சண்டை.

ஆழியாருக்கு முன்னால் ஒரு பங்க்கில் டீசல் போட்டேன். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. "சாவி மேனேஜர்கிட்ட இருக்குங்க்கா. மேனேஜர் கல்யாணத்துக்குப் போயிருக்காரு." ஆண்கள் பக்கம் பூட்டே இல்லை. குரங்கருவிச் சோதனைச் சாவடியில் நிறுத்தலாம் என்றேன். மேடம், "பனி போறதுக்குள்ள மேல போயிடலாமே கோகி."

முதுகு வலிக்கிறது. இந்த சீட்டில் இடுப்புக்குத் தாங்கல் சரியில்லை. கம்பெனிக்கு எழுத வேண்டும்.

தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு மைதானத்தில் முகாம். நுழையும் இடத்தில் பலகை. "சிறுத்தை நடமாட்டம் உள்ளது. புதர்ப் பக்கம் தனியே செல்ல வேண்டாம்." மேடம் பலகை முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். எனக்குக் கூடாரம் வண்டிக்கு வெளியே, பலகைக்கு இந்தப் பக்கம்.

மே 7, வியாழன்

இன்று வாழ்நாளுக்கும் போதுமான அளவு சிரித்தேன்.

காலையில் இருவரும் நடக்கப் போனார்கள். பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே ஓடி வந்தார்கள். சார் கைப்பிடியைத் தொட்டார். திறக்கவில்லை. இழுத்தார். குத்தினார். அந்தப் பக்கம் போய் மற்ற கதவை இழுத்தார். "வாட் இஸ் திஸ்! வண்டி அவுட்!" அங்கேயே நின்று சென்னியப்பன் அண்ணனுக்குப் போன் போட்டு, மூன்றாந்தர வண்டி, ஏமாற்று வேலை என்று கத்தினார்.

நானும் நனைந்துகொண்டு நின்றேன். ஒரு மூன்று நிமிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது.

"சார், டப்பா எங்க?"

"பேக்ல."

"தொறங்க சார்."

"தொறந்து? அது திருடன் சிக்னலைத்தானே தடுக்கும்?"

"டப்பாவுக்கு ஆள் தெரியாதுங்க சார்."

மூடியைத் திறந்தார். வண்டி 'டிக்' என்று விழித்துக்கொண்டது. மேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சத்தமாகக் கேட்டாள். "ஏம்மா டிரைவரு, அவரு வண்டிக்குச் சோறு கட்டிட்டுப் போறாரா?"

மலையே சிரித்தது. சார் கதவை அறைந்து சாத்தினார்.

அவள் பெயர் எஸ்தர். முப்பது, முப்பத்திரண்டு இருக்கும். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறாள். மழை விட்டதும் வேலியருகே வந்து கறுப்புக் காபி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டேன்.

"ஏன், எங்க வீட்டுக் காபி எறங்காதா?"

"அதில்லக்கா. போதும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மே 8, வெள்ளி

குளிர். வால்பாறை என்றால் குளிரத்தான் செய்யும். நல்ல வெயிலில் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டுகிறது. மலைக்குப் புதியவர்களுக்கு இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

மேடம் வீடியோவுக்காக என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். "இந்தச் சக்கரத்தைப் பிடிக்கும்போது உங்களுக்கு என்ன ஃபீல் ஆகுது? ஃப்ரீடம்?" வண்டி ஓடவில்லை. சாவி சாரிடம் இருந்தது. "நல்லா இருக்குங்க மேடம்" என்றேன். இன்னும் கொஞ்சம் சிரித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

மதியம் எஸ்தர் அக்கா வேலியைத் தூக்கிப் பிடித்து, "வா" என்றாள்.

"எங்க?"

"எங்க வீட்டுக்கு. மூணு நாளாப் பாக்குறேன், நீ இந்தப் பொட்டலை விட்டு நகரல. தண்ணி குடிக்கிறதில்ல, இல்லியா? எங்க ஆளுங்க பாதிப் பேரு இப்பிடித்தான். காட்டுக்குள்ள கொழுந்து எடுக்குற எடத்துல எவன் கக்கூஸ் கட்டி வெச்சிருக்கான்? எரியுதா?"

"இல்லக்கா."

"பொய் சொல்ற மூஞ்சியப் பாரு. மூக்கு செவந்து போச்சு."

நான்கு வீட்டுக்கு ஒரு கழிப்பறை. வாளியில் தண்ணீர், உள்ளே ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் போட்ட நிமிடத்தில் போன் அடித்தது. சார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது, எடுத்தேன். "வேர் ஆர் யூ? வண்டிகிட்ட யாருமே இல்ல. டிரைவர் வண்டிய விட்டு நகரலாமா? வி ஆர் அட் தி ஃபால்ஸ், கேமராவுல பாத்துட்டுத்தான் இருக்கேன்."

வண்டியில் கேமரா வேறு இருக்கிறது. நான் திறக்க முடியாத வண்டிக்கு நான் காவல். ஓடி வந்தேன். போன காரியம் பாதியில் நின்றது.

நாளை மறுநாள் இறங்கிவிடுவோம். ஒரு புகாரும் இல்லாமல்.

மே 9, சனி. அரசு மருத்துவமனை

இடது கையில் ஊசி ஏறியிருக்கிறது. வலது கை சும்மாதான் இருக்கிறது, எழுதுகிறேன்.

காலையில் கண்ட நிறம் பீட்ரூட் தின்றால் வருவது. நான் பீட்ரூட் தின்று வருடக் கணக்காகிறது. சாரிடம் போனேன். "காய்ச்சலா இருக்குங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

"ஈவ்னிங் பாத்துக்கலாம். இப்ப போனா லைட் போயிடும்." வானத்து வெளிச்சத்தைச் சொல்கிறார், ட்ரோன் படத்துக்கு. மேடம் ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்தார். விழுங்கத் தண்ணீரும் கொடுத்தார். பேப்பர் கப்பில்.

அதற்குள் காபி இயந்திரமும் ட்ரோனும், விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் உள்ள தனி பேட்டரியை உறிஞ்சிவிட்டிருந்தன. சார்ஜ் ஏற இரண்டு மணி நேரம் எஞ்சின் ஓட வேண்டும். சார் ஏறி பட்டனை அழுத்திக் கிளப்பிவிட்டு இறங்கினார். என்னை சீட்டில் உட்காரச் சொன்னார். "சீட்லயே இருங்க, பின்னாடி போக வேண்டாம். ஆஃப் மட்டும் ஆகக்கூடாது. ஆஃப் ஆச்சுன்னா சாவி இல்லாம ஸ்டார்ட் ஆகாது." டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் காட்சிமுனைக்கு நடந்தார்கள்.

அவர் போன பிறகு வண்டி 'பீப்' என்றது. திரையில், சாவி வண்டிக்குள் இல்லை. விநாடிக்கு ஒரு தரம் 'பீப்'. ஓட்டத்தை நிறுத்தவில்லை, கத்த மட்டும் செய்தது. இந்த வண்டிகளுக்குக் கிளப்பத்தான் சாவி வேண்டும். போவதற்கு வேண்டாம். டீசல் மெக்கானிக்குக்கு இது தெரியும். ஆறு நாளாகத் தெரியும்.

எஸ்தர் அக்கா கூடையோடு பாதையில் போனாள். ஹாரன் அடித்தேன். கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாள். கூடையைப் புதர் மேல் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

"உனக்கு இன்னைக்கு வேலை போகுமேக்கா."

"சூப்பர்வைசர் கேட்டா வயித்தால போகுதுன்னு சொல்லிக்கிறேன். அதுக்கு மேல அந்த ஆளு கேக்க மாட்டான். நீ எடு."

எடுத்தேன்.

பதினான்கு கிலோமீட்டர். ஆஃப் ஆகிவிடக் கூடாது, அது ஒன்றுதான் மனதில். கிளட்சை விடும்போதெல்லாம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விட்டேன். வண்டி கத்திக்கொண்டே வந்தது. "இது ஏன் முட்டைக்கோழி மாதிரி கேறுது?" என்றாள் அக்கா.

"சாவி இல்லைன்னு."

"அதுக்கு நாம என்னத்தப் பண்றது. கேறிட்டுப் போவட்டும்."

ஏழாவது கிலோமீட்டரில், ஒரு வளைவில், எதிரே பஸ். அவன் கொஞ்சமும் பின்வாங்க மாட்டான், நான்தான் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது. எஞ்சின் சத்தம் தாழ்ந்து, அடங்கி, போயிற்று என்றே நினைத்தேன். ஆக்சிலேட்டரை மிதித்தேன். பிடித்துக்கொண்டது. பஸ் டிரைவர் தலையை நீட்டி, "பாத்தும்மா, பொம்பளப் புள்ள!" என்றான். எஸ்தர் அக்கா அவன் அப்பனை விசாரித்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வழியை விட்டு ஓரமாக நிறுத்தினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கப் போனேன். அக்கா தலையால் பின்பக்கம் காட்டினாள். "உள்ளயே ஒண்ணு இருக்குதே, சீமைக் கக்கூஸ். அந்த ஆஸ்பத்திரி வரிசையில நிப்பியா?"

போனேன். அந்தக் கதவை நான் திறந்தது கழுவுவதற்கு மட்டும். உள்ளே பூவாசம். எட்டும் உயரத்தில் சின்ன ஜன்னல், அதில் மலை. உட்கார்ந்தேன். சொட்டுச் சொட்டாக, நெருப்பாக. பல்லைக் கடித்துக்கொண்டு மலையைப் பார்த்தேன். மேடத்தின் ஜன்னல்.

வெளியே வந்தபோது அக்கா கேட்டாள். "நான் உக்காந்து பாத்துக்கட்டுமா? ஓடிட்டே இருக்கட்டும். நீ வந்ததும் அவங்க திரும்புறதுக்குள்ள கொண்டுபோய் நிப்பாட்டிரலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

அப்படித்தான் நானும் திட்டம் போட்டிருந்தேன். ஓடவிட்டால் நானும் திரும்பி ஓட வேண்டும். பட்டனை அழுத்தினேன். 'பீப்' நின்றது. ஊர்ச் சத்தமெல்லாம் அப்போதுதான் காதில் விழுந்தது.

டாக்டர் பெண். நேராகக் கேட்டார். "யூரின் எத்தனை நாளா அடக்கி வெச்சிட்டிருந்தீங்க?"

"ஆறு நாளுங்க."

"கிருமி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நான் உங்ககிட்டப் பேசிட்டு இருக்க மாட்டேன்." படுக்க வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு, கேமராவில் இடத்தைக் கண்டுபிடித்து, எஸ்டேட் ஜீப்பில் வந்தார்கள். சார் கையில் முறுக்கு டப்பா. "திஸ் இஸ் தெஃப்ட்! தெரியுமா உங்களுக்கு?"

எஸ்தர் அக்கா கட்டில் ஓரத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "திருடுறவ பட்டப்பகல்ல ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டாந்தா நிப்பாட்டுவா?"

"நீங்க யாரு?"

"நான் அவளோட கிளீனரு."

பக்கத்துக் கட்டில் ஆயா வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் மட்டும் கண் கலங்கி நின்றார். நிஜமாகவே கலங்கியிருந்தார், அதுதான் தாங்க முடியவில்லை. "கோகி, சொல்லியிருக்கலாமே? நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

அவர் வேண்டாம் என்று சொன்னது முதல் நாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"என் பேரு கோகிலவாணிங்க."

மே 10, ஞாயிறு

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. வண்டியை இறக்கிக்கொண்டு போக கோவையிலிருந்து ஆள் வந்தாயிற்று. ஆண்தான்.

சென்னியப்பன் அண்ணன் போனில் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். ஒரு கட்டத்தில், 'வாடிக்கையாளர் அனுமதியின்றி வாகனத்தை நகர்த்தியதற்கான காரணம்.' கூடவே பேசியும் அனுப்பியிருக்கிறார். "மயக்கமா இருந்துச்சு, என்ன பண்றேன்னே தெரீல, மன்னிச்சுக்கோங்கன்னு எழுதிப்போடு அம்மிணி. அவங்க பெருசு பண்ண மாட்டாங்க, நான் பேசீட்டேன். நிரந்தரம் நான் பாத்துக்கறேன். அந்த விசயத்தையெல்லாம் எழுத்துல வெக்காத. உன்ற பேருதான் கெடும்."

நல்ல வேலை. எனக்கு வேண்டும். பொய் சொல்ல மாட்டேன் என்றெல்லாம் இங்கே எழுதிக்கொள்ள மாட்டேன், வாழ்க்கையில் நிறையச் சொல்லியிருக்கிறேன். மயக்கம் என்று எழுத ஐந்து எழுத்து. தட்டச்சும் செய்தேன். மயக்கத்தில் யாராவது அந்த ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுக்க முடியுமா? அதைத்தான் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அழித்தேன்.

எழுதி அனுப்பினேன்: "மூத்திரம் போக. ஆறு நாள் அடக்கியதில் சிறுநீரகத்தில் சீழ் பிடித்தது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். வண்டியை முழு நினைவோடு, ஒரு கீறலும் இல்லாமல் ஓட்டினேன்."

ஐந்து நிமிடத்தில் அண்ணன் கூப்பிட்டார். "என்ன அம்மிணி இது? இத நான் முதலாளிகிட்ட எப்படிக் கொண்டுபோய்க் காட்டறது? படிக்கவே கூச்சமா இருக்குது."

"உங்களுக்குப் படிக்கறது மட்டுந்தானுங்ளேண்ணா."

அந்தப் பக்கம் விசிறி சுற்றுவது கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டார். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

"ஆறு நாளா அம்மிணி?"

"ஆமாங்ண்ணா."

"நீ அனுப்பீட்டது அனுப்பீட்டதுதான். அப்படியே கொண்டுபோய்க் காட்டறேன்" என்றார். வேலை இருக்கிறதா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.